மின் உற்பத்திக் கணிப்பு ஆராய்ச்சி: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: "கீழக்கரைப் பக்கம் இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) இறுதி ஆண்டு படிக்கிறேன். மேலே படித்து, மின் உற்பத்திக் கணிப்பு, மின் சந்தை பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. கமுதி சோலார் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாரும் எல்எஸ்டிஎம் என்ற நியூரல் நெட்வொர்க் மாடலைப் போட்டுத் துல்லியத்தை ஒரு சதவீதம் கூட்டிக் கட்டுரை எழுது என்கிறார்கள். அதனால் யாருக்கு என்ன பயன்? ஆப்டிமைசேஷன் இதில் எங்கே வருகிறது? நம் ஊரை வைத்துச் செய்ய ஏதாவது இருக்கிறதா அண்ணா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இரண்டு கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நம் பகுதி, வானிலையைக் கணிப்பவர்களுக்குச் சிரமமான இடம். ஆராய்ச்சிக்கு அதுவே நல்லது. ஆனால் நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது "யாருக்கு என்ன பயன்" என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

ஒரு சோலார் கணிப்பைத் தனியாக எடுத்துவைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர், ஒரு குறிப்பிட்ட மணிக்கு, ஒரு முடிவு எடுக்கிறார். நாளைக்கு எவ்வளவு விற்பது, எந்த அனல் மின் நிலையத்தை அணைக்காமல் ஓடவிடுவது, கடம்பாறை நீரேற்று நிலையத்தில் தண்ணீரை எப்போது மேலே ஏற்றுவது என்று. அந்த முடிவால் ஆகும் செலவு குறைந்தால் கணிப்பு நல்லது. குறையவில்லை என்றால் துல்லியம் எத்தனை சதவீதம் கூடினாலும் கட்டுரைக்கு மட்டும்தான் உதவும். ஆப்டிமைசேஷன் என்பது அந்த முடிவை எடுக்கும் கணக்கு. கல்லூரியில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். வேலைக்கு வந்தால் இரண்டும் ஒரே மேசையில் நடக்கும்.

எனவே முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நம் நாட்டு மின் தொகுப்பில் ஒரு நாள் என்பது 15 நிமிடங்கள் கொண்ட 96 பிளாக்குகள். ஒவ்வொரு பிளாக்கிலும் எத்தனை மெகாவாட் தருவோம் என்று உற்பத்தியாளர்கள் முன்கூட்டியே ஷெட்யூல் கொடுக்க வேண்டும். மாநிலத்துக்குச் சென்னையில் உள்ள எஸ்எல்டிசியும், தென்மண்டலத்துக்குப் பெங்களூரில் உள்ள எஸ்ஆர்எல்டிசியும் ஆகிய மின் சுமைக் கட்டுப்பாட்டு மையங்கள் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, தேவையும் உற்பத்தியும் நொடிக்கு நொடி சமமாக இருக்கும்படி நடத்துகின்றன. சமம் தவறினால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து விலகும். 49.90க்கும் 50.05க்கும் நடுவில் அதை வைத்திருக்க வேண்டும். கொடுத்த ஷெட்யூலிலிருந்து உற்பத்தி விலகினால் பணம் கட்ட வேண்டும், இந்த விலகல் கட்டண முறையைத்தான் டிஎஸ்எம் என்கிறார்கள்.

சந்தைக்கும் தனிக் கடிகாரம் உண்டு. 2008 ஜூனில் ஐஇஎக்ஸ் என்ற மின்சாரப் பரிவர்த்தனைச் சந்தை தொடங்கியது. அதன் 'அடுத்த நாள்' சந்தையில் காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள் பிட், அதாவது எவ்வளவு மின்சாரம் என்ன விலைக்கு என்ற கேட்பு, போட வேண்டும். அது இன்று நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும் நாளைய முழு நாளுக்கு. அதாவது நீங்கள் பிட்டை மூடும்போது நாளைய முதல் பிளாக் 12 மணி நேரம் தள்ளியும், கடைசி பிளாக் 36 மணி நேரம் தள்ளியும் இருக்கும். 2020 ஜூன் 1ஆம் தேதி ரியல்டைம் சந்தை வந்தது. அதில் அரை மணிக்கு ஒரு ஏலம், மின்சாரம் பாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு பிட் மூடிவிடும்.

இப்போது கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். இந்த 15 நிமிடத்தைக் கொடுத்தால் அடுத்த 15 நிமிடத்தைச் சொல்லும் மாடல்கள்தான் அதிகம். எண்கள் பிரமாதமாக இருக்கும், ஏனென்றால் அடுத்த 15 நிமிடம் பெரும்பாலும் இந்த 15 நிமிடத்தைப் போலவே இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் இரண்டு சந்தையும் மூடியாகிவிட்டது. உங்கள் மாடலை வைத்து யாரும் ஒரு யூனிட் கூட விற்கவோ வாங்கவோ முடியாது. ஆய்வின் முதல் பக்கத்திலேயே, எத்தனை மணிக்கு, யார், எந்த முடிவுக்காக இந்தக் கணிப்பைப் பார்க்கிறார் என்று எழுதிவிடுங்கள். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு உண்டு. மாணவர்கள் செய்யும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இது. நாளைய சோலார் உற்பத்தியைக் கணிக்க, நாளைக்கு உண்மையில் அடித்த வெயில் அளவையே உள்ளீடாகக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய தரவில் அது பக்கத்துப் பத்தியிலேயே இருப்பதால் கை தானாகப் போய்விடுகிறது. நிஜத்தில் காலை 10 மணிக்கு உங்கள் கையில் இருப்பது வானிலை மாடலின் கணிப்பு மட்டுமே. அதுவும் எந்த ஓட்டம்? உலக மாடல்களின் காலை ஓட்டம் கிரீன்விச் நள்ளிரவுத் தரவை, அதாவது நம் நேரம் காலை 5.30 மணித் தரவை வைத்து நடக்கும். அது முடிந்து கோப்பு கைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். 12 மணிக்குள் பிட் போட வேண்டியவருக்குச் சில நாள் புது ஓட்டம் கிடைக்கும், சில நாள் நேற்று மாலை ஓட்டத்தை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்துச் சோதித்த ஆய்வை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

சரி, நம் ஊர் வானத்துக்கு வருவோம்.

கமுதியில் 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் நிலையம், ஒரே இடத்தில் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. சதுர கிலோமீட்டரில் பத்து. சதுரமாக நினைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 3.2 கிலோமீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் மேகம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக ஐந்தரை நிமிடம் போதும். ஒரு பிளாக்கில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் அது. கெட்டியான ஒரு மேகத்திட்டு முழு நிலையத்தையும் மூடிவிட்டு, அதே பிளாக்குக்குள் விலகியும் விடலாம். மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சிறு நிலையங்களில் ஒன்றின் தவறை இன்னொன்று சமன் செய்யும். ஒரே இடத்தில் குவிந்த பெரிய நிலையத்தில் அந்தச் சமாதானம் கிடையாது.

இந்த மேகம் எப்படி வருகிறது என்பதுதான் சுவாரசியம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ராமேஸ்வரம் பக்கம் ஒன்றை ஆண் கடல், மற்றொன்றைப் பெண் கடல் என்பார்களே, அந்த இரண்டும். நடுவில் காய்ந்த நிலம் காலையில் வேகமாகச் சூடேறும். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே ஏறும். அது ஏறிவரும் முகப்பில் நிலத்துக் காற்று மேலே தள்ளப்பட்டு, பஞ்சு மேகங்கள் ஒரு வரிசையாகக் கட்டும். அந்த வரிசைக்குப் பின்னால், கடல் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும். ஆக ஏர்வாடியில் பளிச்சென்று வெயில் அடிக்கும் அதே நேரத்தில், உள்ளே தள்ளியிருக்கும் கமுதியில் வெயிலும் நிழலும் மாறி மாறி ஓடலாம். கச்சான் பலமாக வீசும் தென்மேற்குப் பருவ மாதங்களில் கடற்காற்று எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதே மாறிவிடும். வாடை மாதங்களில் கதையே வேறு. அப்போது மேகம் துண்டு துண்டாக வராது, நாள் கணக்கில் போர்த்தியது போல நிற்கும். ஒரே மாடலை ஆண்டு முழுவதற்கும் பழக்கிவிட்டு சராசரிப் பிழையை மட்டும் காட்டினால் இந்த மூன்று வானமும் ஒன்றாகக் கலந்து மறைந்துவிடும். பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டுங்கள்.

இங்கே தரவில் ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாக இருங்கள். எல்லாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்துவது ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 தரவு. அதன் கட்டம் கால் பாகை, நம் பகுதியில் ஒரு பக்கம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். மண்டபம் நிலமுனையின் அகலமோ சில கிலோமீட்டர்தான். பாம்பனைச் சுற்றிய கட்டத்தை எடுத்தால் அதில் பெரும்பகுதி கடல். நம் மணல் காலை பத்து மணிக்குக் கொதிப்பது அந்தத் தரவுக்குத் தெரியவே தெரியாது. கடற்காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதையும் அது சரியாகச் சொல்லாது. எனவே கட்டத்தின் எண்ணை அப்படியே தூக்கி மாடலில் போடாமல், தரையில் அளந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பாம்பனில் வானிலை ஆய்வு நிலையம் இருக்கிறது. இந்தத் திருத்த வேலையே ஒரு நல்ல எம்.இ. ஆய்வுக்குப் போதும். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு பெரிய மழை. பெரிய கட்ட மாடல்களின் எல்லை எது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எந்தக் கருவி எத்தனை தூரம் பார்க்கும் என்பதையும் மனதில் வையுங்கள். அரை மணி வரைக்கும் நிலையத்தில் வானத்தைப் பார்த்து வைத்த கேமரா. நாலைந்து மணி நேரம் வரை, இன்சாட் போன்ற செயற்கைக்கோள் படங்களில் மேகம் நகரும் திசையைப் பிடித்துச் சொல்வது. அதற்கு மேல் வானிலை மாடல்தான் கதி. ரியல்டைம் சந்தைக்குச் செயற்கைக்கோள், அடுத்த நாள் சந்தைக்கு வானிலை மாடல் என்று பொருந்துவதைப் பாருங்கள். இதில் எல்எஸ்டிஎம் எங்கே வருகிறது? தேவைப்பட்டால் கடைசியில். முதலில் மேகமில்லா வானத்தில் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கைப் போட்டு, இப்போது அதில் எத்தனை பங்கு வருகிறதோ அதே பங்கு தொடரும் என்று வையுங்கள். இந்த எளிய கணிப்பை உங்கள் மாடல் எவ்வளவு முந்துகிறது என்பதுதான் திறமை. அதை முந்தாத பெரிய மாடல்கள் நிறைய உண்டு. பிழையைச் சதவீதத்தில் சொல்வதிலும் ஜாக்கிரதை. அதிகாலையிலும் அந்தியிலும் உற்பத்தி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், உண்மை அளவால் வகுத்தால் எண் எங்கோ போய்விடும். மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் கொண்டுவந்த முறையில் விலகலை நிலையத்தின் கிடைக்கும் திறனால்தான் வகுத்தார்கள். 100 மெகாவாட் நிலையத்துக்கு 15 மெகாவாட் விலகல் வரை அபராதம் இல்லை என்று அப்போது இருந்தது. அதன் பிறகு விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன.

இனி ஆப்டிமைசேஷன். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விசைப்படகு கடலுக்குக் கிளம்பும்போது எத்தனை ஐஸ் ஏற்றுவது என்று ஓட்டுகிறவர் முடிவு செய்கிறார். எவ்வளவு மீன் படும் என்று தெரியாது. ஐஸ் மிஞ்சினால் உருகி வீணாகும், அது சின்ன நட்டம். ஐஸ் பத்தாமல் போனால் பிடித்த மீன் கெடும், அது பெரிய நட்டம். ஆகவே சராசரியாகப் படும் மீனுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் ஏற்றுவார். மின்சாரம் விற்பதும் இதே கணக்குதான், திசை மட்டும் மாறும்.

ஒரு 100 மெகாவாட் சோலார் நிலையத்தை எடுத்துக்கொள்வோம், எண்கள் நான் வைத்துக்கொண்டவை. நாளை மதியம் ஒரு பிளாக்குக்கு 40, 50, 60, 70, 80 மெகாவாட் என ஐந்து வாய்ப்பு, ஐந்துக்கும் சம அளவு சாத்தியம் என்று உங்கள் கணிப்பு சொல்கிறது. இன்று விற்றால் யூனிட்டுக்கு 4 ரூபாய். நாளை சொன்னதைவிடக் குறைவாக வந்தால் பற்றாக்குறையை 7 ரூபாய்க்கு வாங்கி ஈடுகட்ட வேண்டும். அதிகமாக வந்தால் மிச்சத்துக்கு 3 ரூபாய்தான் கிடைக்கும். பற்றாக்குறையில் யூனிட்டுக்கு 3 ரூபாய் நட்டம், மிச்சத்தில் 1 ரூபாய் நட்டம். சராசரியான 60ஐ விற்றால் என்ன ஆகும்? 40 வந்தால் 20 குறைவு, 50 வந்தால் 10 குறைவு. இரண்டும் சேர்ந்து 30ஐ 3ஆல் பெருக்கினால் 90. 70, 80 வந்தால் மிச்சம் 30, அதற்கு 30. மொத்தம் 120, ஐந்தால் வகுத்தால் 24. இப்போது 50 விற்றுப் பாருங்கள். குறைவு 10தான், அதற்கு 30. மிச்சம் 10, 20, 30 என்று 60. மொத்தம் 90, வகுத்தால் 18. இன்னும் பயந்து 40 விற்றால் 20 ஆகிவிடுகிறது. ஆக 50தான் சரி. கால் மணி நேரப் பிளாக்குக்கு ரூபாயில் மாற்றினால் 60 விற்றவருக்குச் சராசரி நட்டம் 6,000, 50 விற்றவருக்கு 4,500.

இதில் கவனிக்க வேண்டியது, கணிப்பை நாம் ஒரு துளி கூடத் துல்லியமாக்கவில்லை. அதே கணிப்புதான். ஒற்றை எண்ணாக வாங்காமல் பரவலாக வாங்கியதாலும், நட்டம் இரு பக்கமும் ஒன்றில்லை என்று பார்த்ததாலும் வந்த லாபம் இது. பொதுவிதியாகச் சொன்னால், மிச்ச நட்டத்தை இரண்டு நட்டங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். இங்கே 1 வகுத்தல் 4, அதாவது கால் பங்கு. உற்பத்தி அதற்குக் கீழே போகும் வாய்ப்பு கால் பங்காக இருக்கும் அளவை விற்க வேண்டும். எனவே உங்கள் மாடல் சொல்ல வேண்டியது "60 வரும்" என்பதை விட, "இதற்குக் கீழே போக 25 சதவீத வாய்ப்பு" என்பதுதான். இப்படிப் பரவலாகக் கணிப்பதற்கு 2014இல் டாவ் ஹாங் குழு நடத்திய உலகப் போட்டி ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. தேவை, விலை, காற்று, சோலார் என்று நாலு பிரிவிலும் ஒற்றை எண்ணை ஏற்காமல் முழுப் பரவலையும் கேட்டு, பின்பால் லாஸ் என்ற அளவுகோலில் மதிப்பெண் போட்டார்கள். அந்தத் தரவு இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் கை பழகிவிட்டு நம் ஊர்த் தரவுக்கு வாருங்கள்.

ஒரு நிலையத்துக்கு மேலே, மாநில அளவில் பார்த்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இவ்வளவையும் எந்தெந்த நிலையத்திலிருந்து எடுப்பது? மலிவானதை முதலில் எடு என்றால் முடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் நிலக்கரி நிலையத்தைச் சுவிட்ச் போட்டு அணைத்துப் போட முடியாது. முழுக்கக் குளிர்ந்துவிட்டால் மறுபடி எழுப்பப் பல மணி நேரம். ஓடிக்கொண்டிருந்தாலும் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாது என்பது வழக்கமான தொழில்நுட்ப எல்லை. 600 மெகாவாட் உற்பத்தி யூனிட் என்றால் 330. மதியம் சோலார் பொங்கும்போது அந்த 330 இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சரி என்று மதியம் அணைத்துவிட்டால், அந்தி சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் ஓடும்போது அது கைக்கு வராது. நம் வழுதூர் எரிவாயு நிலையம் போன்றவை உள்ளூர் வாயுவில் ஓடுபவை. வாயு டர்பைன் நிலக்கரியைவிடச் சீக்கிரம் எழும், ஆனால் வாயு எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான்.

ஒவ்வொரு உற்பத்தி யூனிட்டும் ஒவ்வொரு பிளாக்கிலும் ஓடுகிறதா நிற்கிறதா என்பது ஆம், இல்லை என்ற முடிவு. 50 யூனிட், 96 பிளாக் என்றால் 4,800 முடிவுகள். வாய்ப்புகள் இரண்டின் 4,800ஆவது படி. ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கணினியாலும் முடியாது. ஆனால் மிக்ஸ்டு இன்டிஜர் புரோகிராமிங் என்ற முறையில், உதவாத கிளைகளை மொத்தமாக வெட்டித் தள்ளி, நல்ல விடையைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். இங்கும் ஒற்றைக் கணிப்பை வைத்து ஓட்டினால் திட்டம் காகிதத்தில் மலிவாகத் தெரியும், கமுதி மேல் மேகம் வந்த அன்று விலை தெரியும். அதனால்தான் பல வானிலைக் காட்சிகளை ஒன்றாகக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்றைய முடிவையும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாளைய திருத்தத்தையும் கேட்கும் ஸ்டோகாஸ்டிக் முறை. கணிப்பும் ஆப்டிமைசேஷனும் ஒன்றாகக் கலக்கும் இடம் இதுதான். வளமான வேலை இன்னும் நிறைய மிச்சம் இருக்கும் இடமும் இதுதான் என்பது என் கருத்து. நடைமுறையிலும் இது வந்துகொண்டிருக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான அனல் நிலையங்களை மொத்தச் செலவு குறையும்படி மாற்றி ஓட்டும் எஸ்சிஇடி என்ற ஏற்பாடு 2019 ஏப்ரலிலிருந்து தேசிய அளவில் நடக்கிறது.

சேமிப்பைப் பற்றி ஒரு வரி. கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. மதிய மின்சாரத்தில் தண்ணீரை ஏற்றி மாலையில் இறக்கலாம். போக வர 75 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்தால், 3 ரூபாய்க்கு ஏற்றியதை 4 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் லாபம். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதற்கு விலைக் கணிப்பு வேண்டும்.

விலைக் கணிப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் சந்தையில் விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2022 ஏப்ரலில் 20 ரூபாயிலிருந்து 12 ஆனது, 2023 ஏப்ரலில் 10 ஆனது. வரம்பைத் தொட்ட பிளாக்குகளில் நீங்கள் பார்க்கும் 10 ரூபாய் உண்மையான பற்றாக்குறையைச் சொல்லவில்லை, வரம்பை மட்டுமே சொல்கிறது. அந்தப் பிளாக்குகளையும் சாதாரண விலைபோல மாடலில் போட்டால் மாலை நேரத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடுவீர்கள். வரம்பு மாறிய தேதிகளுக்கு முன்னும் பின்னும் தரவைப் பிரித்து நடத்துங்கள்.

இப்போது உங்கள் மனதுக்கு நெருக்கமானது. நம் ஊரை வைத்து என்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால் ஐஸ் கம்பெனியில் தொடங்குங்கள். ராமேஸ்வரம், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் போய்ப் பாருங்கள். அம்மோனியா கம்ப்ரசர், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி அளவில் நிற்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் இறக்கி வைத்த தகர கேன்களில் உறையும் கட்டி ஐஸ். ஒரு கட்டி முழுசாக உறைய ஒரு நாள் அளவுக்கு ஆகும். ஆனால் கம்ப்ரசர் அத்தனை நேரமும் ஒரே மாதிரி ஓட வேண்டிய அவசியம் இல்லை. உப்புத் தண்ணீர் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதியம் கமுதி முழு வேகத்தில் ஓடும்போது தொட்டியைக் கூடுதலாகக் குளிர்வித்துவிட்டு, சாயங்கால உச்ச நேரத்தில் கம்ப்ரசரைக் குறைக்கலாம். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதித் திருத்தம், சூரிய நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்கும் திசையைக் காட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கட்டணத்தில் ஒரு ஐஸ் கம்பெனி எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்? 96 பிளாக்கில் கம்ப்ரசர் ஓடுமா நிற்குமா, தொட்டியின் வெப்பம் எல்லைக்குள் இருக்கிறதா, படகு கிளம்பும் நேரத்துக்கு எத்தனை கட்டி தயாராக வேண்டும். மாநிலக் கணக்கின் சிறிய உருவம் இது. ஒரு லேப்டாப்பில் நொடிகளில் தீர்ந்துவிடும்.

இதில் கணிப்பு எங்கே என்கிறீர்களா? ஐஸ் தேவையில்தான். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற முறை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காது, படகு எதுவும் போகாது, அன்றைக்கு ஐஸ் தேவை விழுந்துவிடும். யோசித்துப் பாருங்கள், கடலில் காற்று பலமாக அடிக்கும் நாளில் தென்மாவட்டக் காத்தாடிகளில் உற்பத்தி கூடும், அதே காற்றால் இங்கே ஐஸ் கம்பெனிகளின் மின் தேவை குறையும். உற்பத்தியும் தேவையும் ஒரே காரணத்தால் எதிரெதிர்த் திசையில் ஆடுகின்றன. இரண்டையும் தனித்தனி மாடலாகக் கணிப்பவர் இந்த உறவைத் தவறவிடுவார், மொத்தப் பிழையையும் குறைத்து மதிப்பிடுவார். வெளியூர் ஆய்வாளருக்குத் தட்டுப்படாத, நம் ஆட்களுக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயம். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் லாட்ஜுகள் நிரம்புவதும் அப்படித்தான். அமாவாசை ஆங்கில நாட்காட்டியில் ஒரே தேதியில் வராது, போன வருடம் இதே தேதி என்று பார்க்கும் மாடல் ஏமாந்துபோகும்.

காற்றைக் கணிப்பதில் கடற்கரைக்கு இன்னொரு பெரிய வேலையும் காத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடல்மேல் காற்றாலை அமைப்பது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படி. வேகத்தை 10 சதவீதம் கூட்டிக் கணித்தால் ஆற்றல் 33 சதவீதம் கூடிவிடும். மீன்பிடிப் பாதைகளைப் பற்றி மீனவர்களைக் கேட்காமல் அந்தத் திட்டம் எதுவும் நியாயமாக நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அது சுற்றுச்சூழல் அறிக்கையோடு முடிகிற விஷயமில்லை. எங்கே நட்டால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதும் ஆப்டிமைசேஷனில் ஒரு கட்டுப்பாடாக எழுதப்பட வேண்டும்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேனல் எல்லாம் நம் மண்ணில், ஆனால் எங்கள் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். கணிப்பு எவ்வளவு மேம்பட்டாலும் ஊர் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் போதவில்லை என்றால் அந்தக் குறை தீராது. அது வேறு முதலீடு, வேறு போராட்டம். உங்கள் ஆய்வு அதையும் தீர்க்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

தொடங்குவதற்குக் காசு வேண்டாம். ஐஇஎக்ஸ் தளத்தில் பிளாக் வாரியாகப் பழைய விலை கிடைக்கிறது. தேசிய மின் தொகுப்பை நடத்தும் கிரிட் இந்தியா நிறுவனம் அன்றாட அறிக்கை போடுகிறது. வெயிலுக்கு நாசா பவர் தரவு, மேலே சொன்ன திருத்தத்தோடு. ஆப்டிமைசேஷன் கணக்கை எழுத பைத்தானில் பையோமோ, அதைத் தீர்ப்பதற்கு இலவச மென்பொருளான ஹைஸ். முதல் மாதம் எல்எஸ்டிஎம் பக்கமே போகாதீர்கள். கடந்த ஓராண்டு விலையை இறக்கி, பருவம் பிரித்து, 96 பிளாக்குக்கும் 10, 25, 50, 75, 90 என்ற சதமான அளவுகளை மட்டும் வரைந்து பாருங்கள். அப்புறம் ஒரு ஐஸ் கம்பெனிக்காரரிடம் உட்கார்ந்து, அவர் கரண்ட் பில்லையும் கம்ப்ரசர் ஓடும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டையும் வைத்து முதல் மாடலை எழுதிவிட்டுச் சொல்லுங்கள், கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.